ஞாயிறு மாலை ஆறு மணிக்குள்

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு மேல் போன் அடித்தால் எடுக்கவே எனக்குப் பயமாக இருக்கும். இருபது வருஷத்துக்கு மேல் விவாகரத்து வழக்கு நடத்துகிறவளுக்கு வேறு என்ன ஆகும்? வாரக் கடைசியில் அப்பாவிடம் போன பிள்ளைகள் அம்மாவிடம் திரும்புகிற நேரம் அது. ஒருவர் பத்து நிமிஷம் தாமதமாகக் கொண்டுவந்து விடுவார். இன்னொருத்தி கதவைத் திறக்க மாட்டாள். எல்லோருக்கும் அப்போதுதான் வக்கீல் ஞாபகம் வரும். மயிலாப்பூரில் என் வீட்டு முன்னறையிலேயே ஆபீஸ் என்பதால், போனை எடுக்காவிட்டால் நேரிலேயே வந்து பெல்லை அடிப்பார்கள்.

அன்றைக்கு அடித்தது தி.நகர் ஜவுளிக் கடைக்காரர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்ட குடும்பம். அவர் மனைவியாக இருந்தவருக்குப் பெருங்குடியில் கம்பெனி வேலை, மந்தைவெளியில் வாடகை வீடு. நான் அப்பாவின் வக்கீல். விவாகரத்து முடிந்தது, ஜீவனாம்சம் முடிந்தது, நகை, பாத்திரம், கட்டில், பீரோ வரைக்கும் பிரித்துக் கொடுத்தாயிற்று. மிச்சம் இருந்தது பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி. அந்தப் பகுதி மட்டும் எந்த வழக்கிலும் முடியாது. பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆகும்வரை யாராவது ஒருவர் மனுப் போட்டுக்கொண்டே இருப்பார்.

கோர்ட் உத்தரவு இதுதான். பெண் அம்மாவிடம் வளரும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சனிக்கிழமை காலை அப்பா அழைத்துப் போகலாம், ஒரு ராத்திரி தங்க வைக்கலாம், ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் மந்தைவெளி வீட்டில் கொண்டுவந்து விட வேண்டும். தவறினால் அந்த ராத்திரித் தங்கலை ரத்து செய்யச் சொல்லி அம்மா மனுப் போடலாம். அந்த ஒரு ராத்திரியை வாங்க நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. முதலில் கோர்ட்டில் இருக்கிற குழந்தைகள் அறையில், கவுன்சிலர் பார்த்துக்கொண்டிருக்க, சனிக்கிழமை காலை மட்டும். பிறகு பகல் முழுக்க. பிறகுதான் ராத்திரி. அந்த மனுஷன் முதல் ராத்திரி மகள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தாராம். அவரே என்னிடம் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார்.

உத்தரவுக்கான ஷரத்துகளை எதிர்த்தரப்பு வக்கீலும் நானும் சேர்ந்து எழுதினோம். தீபாவளி ஒரு வருஷம் அங்கே, ஒரு வருஷம் இங்கே. பொங்கல் அப்படியே மாற்றி. பரீட்சை லீவு பாதிப் பாதி. காய்ச்சல் வந்தால் எந்த டாக்டரிடம் காட்டுவது என்று ஒரு பத்தி. ஒன்றை மட்டும் விட்டுவிட்டோம். அவர் ஆண், அவருக்குத் தோன்றவில்லை. நான் பெண், எனக்கும் தோன்றவில்லை.

"மேடம், பாப்பா வந்து..." என்று ஆரம்பித்தவர் அதற்கு மேல் பேசாமல் போனைத் தன் அக்காவிடம் கொடுத்துவிட்டார்.

"வக்கீலம்மா, பிள்ளை பெரிய மனுஷி ஆயிட்டால்லா" என்றார் அக்கா. குரலில் அவ்வளவு சந்தோஷம். "மத்தியானம் நான்தான் பாத்தேன். மூலையில உக்கார வச்சாச்சு. தண்ணி ஊத்தாம வாசப்படி தாண்டக் கூடாது. செவ்வாக்கிழம காலையில நல்ல நேரம் இருக்கு. அதுக்கப்புறம் கொண்டுபோய் விடுறோம்னு ஜட்ஜம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க."

ஜட்ஜம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை போன் போட்டு நல்ல நேரம் சொல்கிற வசதி இந்த நாட்டில் எந்த வக்கீலுக்கும் இல்லை. அதை விளக்க எனக்குத் தெம்பில்லை. "அம்மாவுக்குச் சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

அக்கா மற்றதையெல்லாம் சொன்னார். ஊருக்குச் சொல்லியாயிற்று. ஜோசியருக்குச் சொல்லியாயிற்று. உளுந்தங்களிக்கு உளுந்து ஊறப் போட்டாயிற்று. பெற்றவளுக்குச் சொல்லவில்லை. அவர்களாகச் சொல்லவும் தேவையில்லாமல் போயிற்று. ஊரிலிருந்த சித்தப்பா முறைக்காரர் ஒருவர் குடும்ப வாட்ஸப் குரூப்பில் பூப் படத்தோடு வாழ்த்துப் போட்டிருந்தார். மூன்று வருஷம் கோர்ட்டில் கட்டிப் புரண்டவர்களில் ஒருவருக்காவது அந்த அம்மாவை அந்தக் குரூப்பிலிருந்து நீக்க வேண்டும் என்று தோன்றியிருக்கவில்லை.

"அவ கீழ வந்து நிக்கா" என்றார் அக்கா, குரலை இறக்கி. "நீங்க கொஞ்சம் வந்தா நல்லாருக்கும்."

ஆட்டோக்காரர் தி.நகர் என்றதுமே முகத்தைச் சுளித்தார். "இன்னாம்மா, சண்டே அன்னிக்கு அங்கயா? வண்டி திரும்பவே எடம் இருக்காது. முன்னாடியே எறக்கி வுட்டுடுவேன், நடந்துக்கினு போய்டுங்க." அப்படித்தான் நடந்தது. துணிப் பைகளோடு வந்த கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டே எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் போன் செய்தேன். அவருடைய கட்சிக்காரரிடம் அவருக்குத் தெரியாமல் நான் பேசக் கூடாது. அவர் ஏதோ ரிசப்ஷனில் இருந்தார். நாதஸ்வரத்துக்கு மேலாகக் கத்தினார். "எனக்கும் ரெண்டு தடவ போன் பண்ணிட்டாங்க. நீயே பேசும்மா. ஆறு மணிக்குள்ள அனுப்பலைன்னா மட்டும் நான் மனுப் போட்டுடுவேன், அப்புறம் கோவிச்சுக்காத."

கடைத் தெருவுக்குப் பின்னால் இருந்த சந்தில் அவர்கள் வீடு, முதல் மாடி. மாடிப்படிக்குக் கீழே அந்த அம்மா நின்றிருந்தார். ஆபீஸ் பையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸ் போயிருப்பார் போல. என்னைப் பார்த்ததும், "எனக்கு வாட்ஸப்ல தெரியுது மேடம்" என்றார். "என் பொண்ணு. எனக்கு வாட்ஸப்ல." அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது. அவர் எனக்கு எதிர்த்தரப்பு. ஆனாலும் மேலே இருந்தவர்கள்மேல் எனக்குப் பொல்லாத கோபம் வந்தது.

முதலில் நான் மட்டும் மேலே போனேன். பெண்ணை உள்ளறை மூலையில் பாயில் உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் தனித் தட்டு, தனி டம்ளர். அத்தை கட்டிவிட்ட பாவாடை தாவணி அவளுக்குப் பெரிதாக இருந்தது. நான் போனதும், "எல்லாரும் வெளிய போங்க, ஆன்ட்டிகிட்ட மட்டும் பேசணும்" என்றாள். அத்தைக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் போனார்.

"ஆன்ட்டி, இன்னைக்கு இல்ல" என்றாள். "வெள்ளிக்கிழமையே. ஸ்கூல்ல. யார்கிட்டயும் சொல்லல."

"ஏம்மா?"

"அம்மாகிட்ட சொன்னா சனிக்கிழமை அனுப்ப மாட்டாங்க. அப்பா டர்ன் போயிடும். அப்புறம் அப்பா உங்ககிட்ட வருவாங்க. நீங்க எழுதுவீங்க. அம்மா அந்த அங்கிள்கிட்ட போவாங்க. அவர் எழுதுவார்."

ஜோசியருக்குக் கொடுத்த நேரமே தப்பு என்று எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவள் சொன்ன அடுத்த விஷயம் எனக்குத் தெரிந்ததுதான், ஆனால் அவள் பக்கத்திலிருந்து தெரியாது. போன வருஷம் அம்மா தரப்பு மனுவில், அப்பா வீட்டுக்குப் போய் வந்தால் குழந்தை ராத்திரி படுக்கையை நனைக்கிறது என்று ஒரு பத்தி இருந்தது. நானும் வழக்கம்போல 'மேற்படி பத்தியில் கண்டவை மறுக்கப்படுகின்றன' என்று எதிருரை போட்டேன். எங்களுக்கு அது ஒரு பத்தி. பிறகு நீதிபதி குழந்தையைத் தன் அறைக்குக் கூப்பிட்டுத் தனியாகப் பேசினார். நல்ல மனசு அவருக்கு. அன்பாகத்தான் கேட்டிருக்கிறார், "இன்னும் பெட்ல போறியாம்மா?" என்று. பக்கத்தில் ஸ்டெனோ உட்கார்ந்திருந்தார். டீ கொண்டுவந்தவரும் நின்றிருந்தார்.

"இதையும் கேப்பாங்கல்ல?" என்றாள். "இது எழுதக் கூடாது ஆன்ட்டி. யாரும் எழுதக் கூடாது. ப்ராமிஸ் பண்ணுங்க."

எத்தனையோ வழக்குகளில் குழந்தையின் விருப்பம் என்ன என்று பக்கம் பக்கமாக வாதாடியிருக்கிறேன். ஒரு குழந்தை அதை நேராக என்னிடம் சொல்லிக் கேட்டது அப்போதுதான். என்னால் முடியாது என்றுதான் சட்டப்படி சொல்ல வேண்டும். நான் அப்பாவின் வக்கீல், அவருக்கு எது நல்லதோ அதை எழுதுவது என் வேலை. "நான் எழுத மாட்டேன்" என்று சொன்னேன். "அப்பா அம்மாகிட்ட நீயே கேளு."

கீழே போய் அம்மாவை அழைத்துவந்தேன். தாலி கழற்றிக் கொடுத்த பிறகு அவர் அந்தப் படியை மிதித்தது அதுதான் முதல் தடவை. பெண் ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று நினைத்தோம். அவள் உட்கார்ந்த இடத்திலேயே இருந்து இரண்டு பேரையும் பக்கத்தில் கூப்பிட்டாள். என்னிடம் கேட்டதை அவர்களிடமும் கேட்டாள். அப்பா தலையை ஆட்டினார். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "யாரும் எழுத மாட்டாங்கடி, நான் விட மாட்டேன்" என்றார். வெள்ளிக்கிழமை விஷயத்தை அவள் இருவரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அத்தோடு நல்லபடியாக முடிந்திருக்க வேண்டும். அம்மா, "சரி, கிளம்பு, வீட்டுக்குப் போலாம்" என்றார். அத்தை வாசற்படியில் வந்து நின்றுகொண்டார்.

"வெளக்கு வைக்கிற நேரத்துல பிள்ளைய வெளிய கூட்டிட்டுப் போவாகளா? செவ்வாக்கிழம தண்ணி ஊத்துறோம். நீயும் வா, யாரு வேண்டாம்னா? வந்து நின்னு சாப்பிட்டுட்டுப் போ."

பெற்றவளை விருந்தாளியாகக் கூப்பிட்டுவிட்டார். அந்த அம்மாவின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். நான் அப்பாவை வராந்தாவுக்கு இழுத்துப் போய், "மணி அஞ்சே முக்கால். இப்ப காரை எடுங்க. இல்லாட்டி ராத்திரி தங்குறது போயிடும், நான் இருந்து பிரயோஜனம் இல்ல" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். கடையில் அத்தனை வேலைக்காரர்களை மிரட்டுகிற மனுஷன், அக்காவுக்கு முன்னால் வாயைத் திறக்கவில்லை. உள்ளே பெண் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, "சண்ட போட்டீங்கன்னா ரெண்டு பேர்கூடயும் வர மாட்டேன்" என்று கத்தினாள். அம்மா பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். மணி ஆறு அடித்ததை யாரும் கவனிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை தண்ணீர் ஊற்றிவிட்டு, அப்பா மகளை மந்தைவெளியில் கொண்டுபோய் விட்டார். விழா, மண்டபம், பேனர் எதுவும் கூடாது என்று அக்காவிடம் சண்டை போட்டு நிறுத்தியிருந்தார். இரண்டு நாள் கழித்துச் சண்டை போட வந்தது அவருக்கு. அதற்குள் மனு வந்துவிட்டது. திங்கட்கிழமையே அம்மா கையெழுத்துப் போட்டிருந்தார். உத்தரவை மீறி ஞாயிறு மாலை குழந்தையைத் திருப்பி அனுப்பவில்லை, ஆகவே ராத்திரித் தங்கலை ரத்து செய்ய வேண்டும். காரணம் பற்றி ஒரு சொல்கூட இல்லை. மகளுக்குக் கொடுத்த வாக்கை அவர் அப்படித்தான் காப்பாற்றியிருந்தார்.

காரணத்தைச் சொன்னால் மனு நிற்காது என்பது எனக்குத் தெரியும். எந்த நீதிபதியும் இதற்காக ஒரு அப்பாவைத் தண்டிக்க மாட்டார். ஆனால் சொன்னால் எதிருரையில் ஏறும், பிரமாண வாக்குமூலத்தில் ஏறும், உத்தரவில் ஏறும். குடும்ப வழக்கு மூடிய அறையில்தான் நடக்கிறது, ஆனால் கேஸ் கட்டை அவிழ்த்துப் பார்க்கிறவர்கள் எத்தனையோ பேர். அடுத்த தடவை நீதிபதி கூப்பிட்டு அன்பாகக் கேட்பார். ஆபீசில் அப்பாவை உட்கார வைத்து இதையெல்லாம் சொன்னேன்.

"எழுத வேண்டாம் மேடம்" என்றார்.

"எழுதலைன்னா ராத்திரி போயிடும். திரும்ப வாங்க ஒரு வருஷமாவது ஆகும். அதுக்குள்ள பொண்ணு வளர்ந்துடுவா. அப்புறம் அவளே வரப் பிரியப்படுவாளோ என்னவோ."

"தெரியும் மேடம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போகட்டும்."

அவருக்காக வாதாடித் தோற்கலாம். வாதாடாமல் தோற்பதற்குப் பழக்கமில்லை எனக்கு. அவரைக் கண்டபடி திட்டினேன். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வழக்கு கூப்பிட்ட அன்று நீதிபதி மனுவைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "உங்க கட்சிக்காரர் ஏன் குழந்தையை அனுப்பல?"

"பதில் எதுவும் தாக்கல் செய்யலைங்க அம்மா. கோர்ட் முடிவுக்கு விடுறோம்."

"நீங்களா? ஒவ்வொரு நிமிஷத்துக்கும் காரணம் வச்சிருப்பீங்களே." அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா கைகூப்பி எழுந்து நின்றார். "தப்புதாங்க" என்றார். "வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லைங்க."

நான் எதிர்த்தரப்பு மேஜையைப் பார்க்கவில்லை. பார்த்தால் முறைத்துவிடுவேன் என்று பயம். அந்த அம்மாவுக்குக் காரணம் தெரியும். அவர் வக்கீலுக்கும் தெரியும். நீதிபதி தவிர எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை வைத்துக்கொண்டு அறையில் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நீதிபதி பெருமூச்சு விட்டுவிட்டு ஸ்டெனோவிடம் உத்தரவைச் சொல்ல ஆரம்பித்தார். எதிர்மனுதாரர் வேண்டுமென்றே உத்தரவை மீறியிருக்கிறார், அதற்கு எந்தக் காரணமும் காட்டவில்லை, ஆகவே இரவு தங்கும் அனுமதி...

"நான்தாம்மா இருக்கட்டும்னு சொன்னேன்."

அம்மா எழுந்து நின்றிருந்தார். அவருடைய வக்கீல் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுக்காத குறை.

"என்னம்மா சொல்றீங்க?" என்றார் நீதிபதி.

"அன்னைக்கு நான் போயிருந்தேன். ரெண்டு நாள் அங்கயே இருக்கட்டும், செவ்வாய்க்கிழமை கொண்டுவந்து விடுங்கன்னு நான்தான் சொன்னேன். அவர் மேல தப்பு இல்ல."

"அப்ப இந்த மனு? சத்தியப் பிரமாணம் பண்ணிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே?"

"கோவத்துல போட்டேன். பொய்."

அன்றைக்கு அந்த வீட்டில் நான் இருந்தேன். அவர் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இல்லை. மனுவில் இருந்தது நிஜம், அவர் எழுந்து நின்று சொன்னதுதான் பொய். நீதிபதி என் பக்கம் திரும்பி, "அப்படியாம்மா?" என்று கேட்டார். "எங்களுக்கு ஆட்சேபம் இல்லைங்க அம்மா" என்றேன். அது பதிலே இல்லை. அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

ஆனால் அந்த அம்மாவை விடவில்லை. கோர்ட்டை விளையாட்டு மைதானம் என்று நினைத்தீர்களா என்று ஆரம்பித்து, வாங்கு வாங்கென்று வாங்கினார். பொய்ப் பிரமாணத்துக்கு வழக்குப் போட முடியும், குழந்தை முகத்துக்காக விடுகிறேன் என்றார். மனு தள்ளுபடி. மனுதாரர் உண்மைக்கு மாறான பிரமாண வாக்குமூலத்தோடு நீதிமன்றத்தை அணுகியிருக்கிறார் என்பது பதிவு செய்யப்படுகிறது. ஸ்டெனோ தட்டச்சு செய்த சத்தம் மட்டும் கேட்டது. இனி அவர் இந்தப் பெண்ணுக்காக எந்த மனுப் போட்டாலும், எந்த வக்கீலும் முதலில் அந்த வரியைத்தான் எடுத்துக் காட்டுவார். நானே அப்பாவுக்காக வாதாடினால் நானும் காட்ட வேண்டியிருக்கும்.

வெளியே வராந்தாவில் அவருடைய வக்கீல், "நான் எதுக்கு இருக்கேன் இங்க?" என்று கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அப்பா தூணுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "மேடம், அவங்களுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லிடுறீங்களா?" என்றார்.

"நீங்களே சொல்லுங்க. அதுக்கெல்லாம் வக்கீல் கிடையாது" என்றேன். அவர் நகரவில்லை. சொல்லிக் கொடுத்துப் பழக்கிவிட்டோம், எல்லாவற்றையும் எங்கள் வழியாகவே பேச.

அந்த அம்மா தானாகவே என் பக்கம் வந்தார். பெருங்குடிக்குப் போக வேண்டும், அரை நாள்தான் லீவு போட்டிருக்கிறேன் என்றார். போகிறவர் போகாமல் நின்றார்.

"மேடம், உத்தரவுல நான் பொய் சொன்னேன்னு வந்துடுச்சு இல்ல?"

"வந்துடுச்சும்மா. எடுக்க முடியாது."

"அது மட்டும்தானே வந்திருக்கு? வேற எதுவும் எழுதலையே?"

"அது மட்டும்தான்" என்றேன்.

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.